இல்லமே கல்விக்கூடம்: தானே ஆசிரியன், தானே மாணவன்



ஒரு கலையைப் பயில விரும்புவோர் ஆசிரியரைத் தேடிச் செல்வதே நம்முடைய மரபு. ஆனால் அந்த வாய்ப்பு எல்லார்க்கும் அமைந்து விடுவதில்லை. சில ஊர்களில் கற்றுத் தருவார் இல்லை. இருக்கும் ஊர்களில் கட்டணம் கட்டுப்படியாவதில்லை. கடையில் நின்று இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் இளைஞனுக்கு நேரம் வாய்ப்பதில்லை. பெண்மக்களை மாலை வேளையில் வகுப்புக்கு அனுப்ப நம் வீடுகளில் பலர் தயங்குகின்றனர். இத்தகையோர் வீட்டிலிருந்தபடியே, தம்முடைய வசதிக்கேற்ற வேகத்தில், தாமாகவே கற்க இயலுமா? இயலும் என்பதே விடை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை விளக்குவதற்காக இம்மாதம் கிதார் என்னும் இசைக்கருவியை எடுத்துக்கொள்வோம். தானே கற்க முயல்வோரும், பாதியில் விட்டுவிடுவோரும் மிகுந்த கலை அது.

“கிதாரா? நம் குடும்பப் பத்திரிகையிலா?” என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய தயக்கம் அடிப்படையற்றதன்று. நான்கு மத்ஹபுகளையும் சார்ந்த பெரும்பான்மை அறிஞர்கள் தந்தி இசைக்கருவிகளை விலக்கியே வந்துள்ளனர். குர்துபா நகரத்து இமாம் இப்னு ஹஸ்ம் (994–1064) போன்ற சிலர், தடை கூறும் அறிவிப்புகள் வலுவற்றவை எனக் கருதி, வேறு முடிவுக்கு வந்தனர். இப்பக்கம் ஃபத்வா வழங்கும் பக்கமன்று. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதன்பின் “வேண்டாம்” என்று முடிவு செய்யும் குடும்பத்தாரும் இக்கட்டுரையை வாசிக்கலாம். கிதாருக்குச் சொல்லும் பயிற்சி முறை அரபு எழுத்தணிக் கலைக்கும், தையலுக்கும், பிறமொழிப் பயிற்சிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அந்தலூஸ் மண்ணின் நினைவு

கிதாரின் பிறப்பைத் தேடினால் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்குச் செல்லாமல் முடியாது. கிரேக்கரின் ‘கிதாரா’ என்னும் சொல் அரபு மொழியின் வழியாக ஸ்பானிய மொழியில் புகுந்து ‘கிதார்ரா’ ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். அரபுகளின் ‘அல்ஊத்’ என்னும் கருவியே ஐரோப்பாவில் ‘லூட்’ ஆனது. கிதார் ஊதின் நேர் வாரிசு என்று அடித்துக் கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டும் ஒரே மண்ணில் அருகருகே வளர்ந்தவை. 13ஆம் நூற்றாண்டில் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அவையில் உருவான ஓவியச் சுவடிகளில் முஸ்லிம் கலைஞரும் கிறிஸ்தவக் கலைஞரும் சேர்ந்தமர்ந்து இசைக்கும் காட்சியை இன்றும் காணலாம்.

கற்பித்தல் முறையிலும் அந்த மண் நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. பக்தாதிலிருந்து புறப்பட்டு 822ஆம் ஆண்டு குர்துபா வந்து சேர்ந்த ஸிர்யாப் என்னும் இசைமேதையைப் பற்றி, பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரி விரிவாக எழுதியுள்ளார். ஸிர்யாப் தம் மாணவர்க்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் தாளமும் சொல்லும். அடுத்து, எந்த அலங்காரமும் இல்லாத எளிய பண். அது கைவந்த பின்னரே நுணுக்கங்களும் அழகுகளும். இவ்வாறு மூன்று படிகள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் இம்முறைக்கு மாற்றுக் குறையவில்லை. இன்று தானே கிதார் கற்போரில் பலர் மூன்றாம் படியில் காலை வைக்க முயன்றுதான் கீழே விழுகின்றனர்.

நூலே ஆசிரியராக

வீட்டிலிருந்தே கற்பது இக்காலத்துப் புதுமை என்று எண்ணவேண்டாம். ஸ்பெயினின் வலென்சியா நகரில் 1536ஆம் ஆண்டில் லூயிஸ் மிலான் என்பவர் ‘எல் மாஸ்த்ரோ’ என்றொரு நூலை வெளியிட்டார். ‘ஆசிரியர்’ என்பது அப்பெயரின் பொருள். கிதாரைப் போன்ற வடிவமுடைய ‘விஹுவேலா’ என்னும் கருவியை ஒருபோதும் தொட்டறியாதவரும் கற்கும்படி, எளியதிலிருந்து கடினத்துக்குப் பாடங்களை அடுக்கியிருந்தார். ஆசிரியர் இல்லாத வீட்டுக்கு நூலே ஆசிரியராகச் சென்றது.

இங்கிலாந்தில் 1957இல் பெர்ட் வீடன் என்பவர், ஒரே நாளில் வாசிக்கலாம் என்ற பொருள்படும் தலைப்பிட்டு ஒரு கிதார் பயிற்சிநூல் வெளியிட்டார். எரிக் கிளாப்டன், பிரையன் மே போன்ற பின்னாளைய புகழ்மிக்க கலைஞர்கள் இளமையில் அந்நூலைப் புரட்டியவர்களே. ஆனால் அவர்களில் யாரும் ஒரே நாளில் கற்றுவிடவில்லை. நூலின் தலைப்பு விற்பனைக்கு உதவியது. உள்ளே இருந்த பயிற்சியே கற்பதற்கு உதவியது.

இன்று செல்பேசித் திரையில் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆயினும் அமெரிக்காவின் ஃபெண்டர் கிதார் நிறுவனத் தலைவராக இருந்தவர், புதிதாகத் தொடங்குவோரில் பத்துக்கு ஒன்பது பேர் ஓராண்டுக்குள் கைவிட்டு விடுவதாகச் சொன்னார். பாடத்துக்குப் பஞ்சமில்லை, கருவிக்கும் பஞ்சமில்லை. பிறகு எது குறைகிறது?

இரட்டைப் பொறுப்பு

இதற்கு விடையை ஆந்த்ரே செகோவியாவின் வாழ்வில் காணலாம். 1893ஆம் ஆண்டு அந்தலூசியாவின் லினாரெஸ் நகரில் பிறந்து, நம் வரலாற்றில் கண்ணீரோடு நினைக்கப்படும் கிரனாடாவில் இளமையைக் கழித்தவர். அக்காலத்தில் கிதார் மதுக்கடைகளுக்கு உரிய கருவி என்று இழிவாகக் கருதப்பட்டது. அவருடைய வீட்டாரும் அதை விரும்பவில்லை. முறையான ஆசிரியர் கிடைக்காத நிலையில், கிடைத்த இசைத்தாள்களைக் கொண்டு தாமே பயின்றார். 1909இல், தமது பதினாறாம் வயதில், அதே கிரனாடாவில் முதல் முறையாக அவையோர் முன் வாசித்தார். 1987இல் மறையும் வரை உலகப் பேரரங்குகளில் அக்கருவிக்கு மதிப்புத் தேடித் தந்தார். தமக்குத் தாமே ஆசிரியராகவும் தாமே மாணவராகவும் இருந்ததாக அவர் சொல்வதுண்டு.

வாசகர்களே, இந்த ஒரு கூற்றில் முழு இரகசியமும் அடங்கியுள்ளது. வீட்டில் தானே கற்பவருக்கு ஆசிரியர் தேவையில்லை என்பது தவறு. ஆசிரியர் கட்டாயம் தேவை. அந்த ஆசிரியர் அவரே ஆகவேண்டும் என்பதுதான் வேறுபாடு. பெரும்பாலோர் வீட்டுப் பயிற்சியில் மாணவராக மட்டுமே அமர்கின்றனர். ஆசிரியரின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இன்றைய பாடம் எது என்று நிர்ணயிப்பாரில்லை, தவறைச் சுட்டுவாரில்லை, நேற்றைய பாடத்தைக் கேட்பாரில்லை. அப்போது ‘நம் விருப்பப்படியான வேகம்’ என்பது ‘வேகமே இல்லாமை’யாக முடிகிறது.

ஆகவே ஆசிரியராக நாம் செய்ய வேண்டியவை எவை என்று பார்ப்போம்.

முதற்கடமை: கருவியைச் சீராக்குதல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கிதாரைப் பொறுத்தவரை கூடமே கோணலாக இருப்பதும் உண்டு. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய கருவியில் தந்திகள் மிக உயரமாக நிற்கும். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தி சுமார் நான்கு மில்லிமீட்டருக்கும் மேலாக எழும்பி நின்றால், புதியவரின் விரல் அதை அழுத்தித் தாங்காது. (வீணையில் உள்ளது போன்றே கிதாரின் கழுத்திலும் குறுக்கே பதித்த கம்பிகளை இங்கே மெட்டு என்கிறோம்.) அத்தகைய கருவியைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்குவது நன்று. உருக்குத் தந்தி விரலை அறுக்கும். நைலான் தந்தி மென்மையானது. தொடக்கத்தில் நைலான் தந்தியே ஏற்றது.

தொடங்கும் முன் நாள்தோறும் சுருதி சேர்க்க வேண்டும். தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பன சுரங்கள். செல்பேசியில் இதற்கென உள்ள செயலியே ஊசி காட்டிச் சொல்லிவிடும். எனினும் காதுக்கும் வேலை கொடுங்கள். ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் எழும் ஒலியும், ஐந்தாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் எழும் ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும். இவ்வாறே ஒவ்வொரு தந்தியையும் அடுத்ததோடு ஒப்பிடலாம். மூன்றாம் தந்தியை மட்டும் ஐந்தாம் மெட்டில் அன்றி நான்காம் மெட்டில் அழுத்தி இரண்டாம் தந்தியோடு ஒப்பிட வேண்டும். ஒரு மாதம் இவ்வாறு செய்தால், சுருதி பிசகும்போது செவியே முறையிடத் தொடங்கும். தானே கற்பவருக்குச் செவிதான் உடன் அமர்ந்திருக்கும் உஸ்தாத்.

இரண்டாம் கடமை: சிறு பாடம் வகுத்தல்

இடக்கையின் சுட்டுவிரல் முதல் சிறுவிரல் வரை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணுவது இன்றைய வழக்கம். இதுவும் பழைய மரபின் தொடர்ச்சியைப் போலவே தோன்றும். ஊதின் கழுத்தில் விரல் வைக்கும் இடங்களை அரபு இசைநூலார் விரல்களின் பெயராலேயே குறித்தனர்: ஸப்பாபா என்றால் சுட்டுவிரல், வுஸ்தா நடுவிரல், பின்ஸிர் மோதிரவிரல், கின்ஸிர் சிறுவிரல்.

பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதை ‘கார்டு’ என்பர். முதல் மாதத்துக்கு மூன்றே மூன்று போதும். ஈ மைனருக்கு இரண்டு விரல்கள் மட்டுமே தேவை: ஐந்தாம், நான்காம் தந்திகளை இரண்டாம் மெட்டில் அழுத்தினால் முடிந்தது. அதனோடு மூன்றாம் தந்தியை முதல் மெட்டில் அழுத்தினால் ஈ மேஜர். அந்த மூன்று விரல்களின் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே அடுத்த தந்திகளுக்கு, அதாவது நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகளுக்கு நகர்த்தினால் ஏ மைனர். ஒன்றைக் கற்றால் மற்றொன்று தானே வந்துவிடுகிறதல்லவா? மெட்டின் மீதே அழுத்தாமல், அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டிப் பாருங்கள். மழுங்கிய ஒலி எழுந்தால் ஏதோ ஒரு விரல் பக்கத்துத் தந்தியைத் தீண்டுகிறது என்று பொருள்.

அடுத்து, ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பயிற்சி. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தவறின்றி மாற முடிகிறது என்று எண்ணி, ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதுங்கள். முதல் நாள் எட்டு, பத்து என்றுதான் இருக்கும். கவலை வேண்டாம். அந்த எண் வாரந்தோறும் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பதே ஆசிரியரின் வேலை.

மூன்றாம் கடமை: பழைய பாடத்தைக் கேட்டல்

திருக்குர்ஆனை மனனம் செய்யும் ஹிஃப்ழு மதரஸாக்களில் ஒரு முறை உண்டு என்பதை நம் வீட்டார் அறிவர். புதிய பாடம் சபக். அண்மையில் ஓதிய பாடம் சபகி. பழைய பாடத்தைத் திருப்பி ஓதுவது மன்ஸில். இம்மூன்றும் நாள்தோறும் நடைபெறும். புதியதை மட்டும் ஓதிக்கொண்டு சென்றால் பழையது நழுவிவிடும் என்பதை நம் உஸ்தாதுகள் நன்கறிந்திருந்தனர். இறைவேதத்தின் கண்ணியம் வேறு, இசைப்பயிற்சி வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. மனித நினைவு எவ்வாறு வேர்பிடிக்கிறது என்பதை மட்டும் அம்முறையிலிருந்து கற்றுக்கொள்வோம்.

நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்க முடிந்தால், அதைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் சென்ற மாதப் பாடம். அடுத்தது இவ்வாரப் பாடம். இறுதிப் பத்து நிமிடமே புதிய பாடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்றரை மணி நேரம் அமர்வதைக் காட்டிலும் நாள்தோறும் அரைமணி நேரம் அமர்வதே பயன் தரும். இரவு உறக்கத்தின்போது மூளை அன்றைய பயிற்சியைச் சேமித்து வைக்கிறது. ஏழு நாள் பயின்றால் ஏழு இரவுகளின் உதவி கிடைக்கும். ஒரே நாளில் முடித்தால் ஓர் இரவின் உதவிதான்.

நேரத்தையும் முன்பே நிர்ணயித்துவிடுங்கள். அஸர் தொழுகைக்குப் பின் அரைமணி என்று வைத்தால், தொழுகையும் தவறாது, பள்ளிப் பாடமும் பாழாகாது, இரவில் அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தந்து பெறும் எந்தத் திறமையிலும் பரக்கத் இல்லை.

நான்காம் கடமை: மெதுவாகச் செல்லவும், உண்மை சொல்லவும்

மெட்ரோனோம் என்னும் தாளக்கருவி இன்று செல்பேசியிலேயே கிடைக்கிறது. நிமிடத்துக்கு 60 அடி என்று வையுங்கள். தொடர்ந்து ஐந்து முறை பிழையின்றி வாசித்தால் 64க்கு ஏறுங்கள். தடுமாறினால் வெட்கப்படாமல் 60க்கே திரும்புங்கள். விரல்களுக்குச் சரி எது, தவறு எது என்று தெரியாது. எதைப் பலமுறை செய்கிறோமோ அதையே அவை பழகிக்கொள்கின்றன. வேகமாகத் தவறு செய்பவர், தவறைத்தான் மனப்பாடம் செய்கிறார்.

வாரம் ஒருமுறை உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது மனம் விரல்களிலேயே இருப்பதால் காது முழுமையாக வேலை செய்வதில்லை. மறுநாள் கேட்கும்போதுதான் ஆசிரியர் தம் நாற்காலியில் வந்து அமர்கிறார். தாளம் எங்கே ஓடியது, எந்தத் தந்தி ஒலிக்கவில்லை என்பதெல்லாம் அப்போது வெளிப்படும். அவற்றுள் ஒரே ஒரு குறையை மட்டும் தேர்ந்து, அந்த வாரப் பாடமாக வையுங்கள். எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் திருத்தப் புகுவது மனச்சோர்வையே தரும்.

விரல்நுனி வலிக்கிறதே என்று பலர் முதல் மாதத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். சில வாரங்களில் விரல்நுனித் தோல் தடித்து, அவ்வலி மறைந்துவிடும். ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி தோன்றினால் அது வேறு. உடனே நிறுத்தி ஓய்வெடுங்கள். அமரும் முறையைச் சரிபாருங்கள். தொடர்ந்து வலித்தால் மருத்துவரைக் காணுங்கள்.

இரண்டு விரல்களின் கதை

“எனக்கு விரல் நீளமில்லை”, “வயதாகிவிட்டது” என்போர்க்கு ஒரு வரலாறு சொல்லத் தோன்றுகிறது. பெல்ஜியத்தில் 1910இல் நாடோடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல், பாரிஸ் நகரருகே அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பற்றியது. இடக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் கருகிச் சுருங்கின. தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே! மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவருக்கு அவருடைய தம்பி ஒரு கிதாரைக் கொண்டு வந்து கொடுத்தார். எஞ்சிய இரு விரல்களுக்கு ஏற்றவாறு, எவரும் கற்பித்திராத ஒரு புதிய முறையைத் தாமே சிறிது சிறிதாகக் கண்டறிந்தார். 1934இல் பாரிஸில் அமைந்த புகழ்பெற்ற ஐவர் குழுவில் அவரே முதன்மைக் கிதார் கலைஞர். 1953இல் மறைந்த அவருடைய ஒலிப்பதிவுகளை இன்றும் கிதார் பயில்வோர் வியந்து கேட்கின்றனர்.

அந்தப் படுக்கையறையில் அவருக்குப் பாடத்திட்டம் ஏது? கால அட்டவணை ஏது? தம் கையால் எது முடியும், எது முடியாது என்பதைத் தமக்குத் தாமே ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட மனமே அவருக்கு ஆசிரியராயிற்று. பிறருடைய வேகத்தோடு ஒப்பிட்டிருந்தால் அவர் முதல் வாரமே சோர்ந்திருப்பார்.

வீட்டாருக்கு ஒரு சொல்

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளை எதைத் தானே கற்க முயன்றாலும், முதல் மூன்று மாதங்கள் அது கேட்கவும் பார்க்கவும் இனிமையாக இராது. அந்நாட்களில் சொல்லப்படும் ஒரு கேலிச்சொல், கற்கும் மனத்தை நிரந்தரமாக மூடிவிடக்கூடும். அதேபோல், விருந்தினர் வந்தவுடன் “வாசித்துக் காட்டு” என்று வற்புறுத்துவதும் தீங்கே. முளைவிடும் விதையைத் தோண்டித் தோண்டிப் பார்த்தால் அது பிழைக்குமா? மாறாக, குறிப்பேட்டைக் கேட்டுப் பாருங்கள். “சென்ற வாரம் பத்து, இந்த வாரம் பதினாறா? நல்லது” என்று ஒரு சொல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல், காலியாக இருக்கும் ஆசிரியர் நாற்காலிக்கு ஒரு கால் முட்டுக் கொடுக்கும்.

குறிப்பாக, பள்ளிப்படிப்பு முடிந்து வீட்டிலிருக்கும் பெண்மக்களை எண்ணிப் பாருங்கள். திருமணம் வரையில் காத்திருப்பதே தன் வேலை என்று ஓர் இளம்பெண் நினைக்கும்படி விட்டுவிடலாகாது. இசையோ, எழுத்தணியோ, அரபு மொழியோ, கணக்குப் பதிவோ, உங்கள் வீட்டுக்கு உகந்த ஒன்றை அவள் தேர்ந்துகொள்ளட்டும். நாளுக்கு அரைமணி நேரத்தை அவளுக்கே உரியதாக விட்டுக்கொடுங்கள். அந்த அரைமணியில் “சோறு ஆயிற்றா?” என்று எவரும் அழைக்காதிருப்பதே வீட்டார் அவளுக்குத் தரும் கல்விக்கட்டணம்.

தானே கற்பவர் இறுதியில் பெறுவது ஒரு கருவியை மீட்டும் திறமை மட்டுமன்று. தன் பிழையைப் பிறர் சுட்டாமலே காணவும், கண்ட பிழையை ஆத்திரமின்றித் திருத்தவும், யாரும் பாராதபோதும் ஒழுங்காக இருக்கவும் அவர் பழகிக்கொள்கிறார். இப்பழக்கம் கடையிலும் கைகொடுக்கும், குடும்பத்திலும் கைகொடுக்கும். இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தேதியிட்டு, நாளைய பாடம் எது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எழுதும் கை ஆசிரியருடையது. நாளை அதன்படி அமரப்போவது மாணவர். அவ்விருவரும் ஒத்துழைக்க எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!